தூங்குகிறவருக்குச் சவரம்

ஜூலை 2, புதன்

இந்த நோட்டைக் கொடுத்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ் செல்வராணி. "சத்து மாத்திரை போட்டதும் இதுல தேதி போட்டு எழுதணும். மாசாமாசம் வரும்போது பார்ப்பேன்" என்றார்.

"நான் அஞ்சாப்பு வரைக்கும்தான் சிஸ்டர்."

"மாத்திரை போட்டேன்னு எழுத அது போதும்."

மாத்திரை போட்டேன்.

எழுதியாயிற்று. பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. வெள்ளைத் தாளை வீணாக்க மனசு வரவில்லை, மற்றதையும் எழுதுகிறேன். செல்வராணி படித்தால் படிக்கட்டும், டூட்டியில் பொழுது போகும்.

என் பெயர் புஷ்பகனி. வயது நாற்பத்து மூன்று. தூத்துக்குடியில் மக்ரூன் போடுகிற பேக்கரியில் இருபத்திரண்டு வருஷமாக முட்டை வெள்ளைக்கரு அடிக்கிறேன். நுரை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் உப்புக் கம்பெனி எடைமேடையில் இருக்கிறார். லாரி ஏறி நின்றால் எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஐகோர்ட்துரை.

வயிற்றில் அறுபது நாள் என்று டாக்டரம்மா சொன்னார். ஐந்தாம் மாசம் பெரிய ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். முடிவு செய்தது நான். இவர் தலையாட்டினார்.

ஜூலை 3, வியாழன்

மாத்திரை போட்டேன்.

இவர் இன்று சலூனுக்குப் போகவில்லை. திங்களும் வியாழனும் இசக்கி கடைக்குப் போய் முகத்தை வழித்துக்கொண்டு வருகிறவர். என்ன என்று கேட்டால் தாடையைத் தடவிக்கொண்டு சிரிக்கிறார்.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. பிள்ளை பிறந்த பிறகுதான் சவரம். அதனால் கழுத்தில் மாலை போடாத ஒரு ஆம்பளை தாடியோடு அலைந்தால், தெருவுக்கு விஷயம் விளங்கிவிடும். போஸ்டர் ஒட்ட வேண்டியதில்லை.

எனக்கு இருபத்தைந்து வயசில் இவர் முதல் தடவை தாடி விட்டார். மூன்றாம் மாசம் ஒருநாள் இசக்கி கடைக்குப் போய் எடுத்துவிட்டு வந்தார். தெருவே அந்தத் தாடையைப் பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் முப்பத்து மூன்றாம் வயசில் இன்னொரு தடவை. அப்போது நாலாம் மாசம்.

சாயங்காலம் பேசினோம்.

"தாடி விட்டீயன்னா பத்து நாள்ல ஊருக்கே தெரிஞ்சிரும்" என்றேன்.

"அதுக்காவ? கத்தி படக்கூடாதுல்லா."

"நீங்க தொடாண்டாம். நான் தொடுதேன்."

"யாரு தொட்டாலும் மூஞ்சி என் மூஞ்சிதான புள்ள."

"நீங்க தூங்கும்போது தொட்டா? தூங்குற மனுசன் மேல என்ன குத்தம்? சாமி என்னையத்தான கேக்கும். நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

லாரி மேடையில் ஏறினால் நம்பர் ஆடி அடங்குகிற வரைக்கும் இவர் வாயைத் திறக்கமாட்டார். அந்த மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"அப்படின்னா நல்லா தூங்கணும்" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

மாத்திரை போட்டேன். நின்றதா என்று தெரியவில்லை, ஏனென்றால் மூன்று தடவை வாந்தி.

காரணம் சவரக் கிரீம். நேற்றே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்மைத் தெரியாத கடையாகப் பார்த்து ஒரு டியூபும் ரேசரும் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசம் என் குடலைப் பிடித்து வெளியே இழுத்தது. இவர் டியூபை இடுப்பில் கட்டின சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டு என் தலையைப் பிடிக்கிறார். ஒளித்தால் வாசம் போய்விடுமா. கடைசியில் தெருமுனைக் குப்பைத்தொட்டி வரைக்கும் ஓடிப் போட்டுவிட்டு வந்தார்.

அப்புறம்தான் பீரோவில் கிடந்த சோப்பு ஞாபகம் வந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கிற பிலோமி கொடுத்தது. அவளும் என்னோடு பேக்கரியில்தான் வேலை, அவள் புருஷன் கப்பலில். எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்ததை கிறிஸ்துமஸுக்கு இவருக்கென்று கொடுத்தாள். மரக்கிண்ணத்தில் வெள்ளையாக ஒரு வட்டச் சோப்பு, கூடவே ஒரு பிரஷ். சேலை மணக்கட்டும் என்று பீரோவில் போட்டுவைத்து, இரண்டு வருஷத்தில் மணமும் போய்விட்டது. இப்போதைய என் மூக்குக்கு அதுதான் வேண்டும். விரலால் அமுக்கிப் பார்த்தேன். கல்.

நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 5, சனி

மாத்திரை போட்டேன்.

நுரைக்கு நான் யாரிடம் போய்ப் பாடம் கேட்க. வெள்ளைக்கரு அடிக்கிற பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் நுரை ஏறாது, ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால் அன்றைய மாவே நாசம். இது என் கையில் ஊறிய பாடம். ஆகையால் மரக்கிண்ணத்தைத் துடைத்தேன். பிரஷ்ஷைத் துடைத்தேன். இரண்டையும் மொட்டைமாடியில் காயவைத்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

இவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். குறட்டை வேறு விட்டார், சாமிக்குக் கேட்கட்டும் என்று. நான் அடித்தேன். கால் மணி நேரம் அடித்தேன். கை கடுத்துப்போனது. நுரை வரவில்லை. வெள்ளைத் தூசி பறந்தது. தூங்குகிறவர் ஏழு தும்மல் போட்டார்.

கடைசியில் மனசில்லாமல் பிரஷ் நுனியை நனைத்தேன். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி ஏதோ வந்தது. அதைப் பூசி வழித்தேன். இரண்டு வெட்டு.

"தூங்குற மனுசன் ஆ ஊன்னு கத்தக்கூடாது" என்றேன்.

"கனா கண்டேன்" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நம் வீட்டுப் போர் தண்ணீர்தான், வாயில் வைத்தால் கடல். முதலில் பால் திரிந்த மாதிரி வந்தது. இன்னும் ஊற்றி இன்னும் அடித்தேன். பெரிய பெரிய குமிழியாகக் கிளம்பியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

பேக்கரியில் நுரை பதமாக வந்ததா என்று பார்க்கப் பாத்திரத்தை அப்படியே தலைக்கு மேல் கவிழ்ப்போம். பதம் சரி என்றால் ஒரு துளி விழாது. இருபத்திரண்டு வருஷத்தில் என் தலையில் விழுந்ததில்லை. பழக்க தோஷம், கவிழ்த்துவிட்டேன். என் தலைக்கு மேல் இல்லை, இவர் தலைக்கு மேல். நுரை, தண்ணீர், சோப்பு எல்லாம் உச்சந்தலையில் இறங்கின. சோப்பு விழுந்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்போதும் இவர் கண்ணைத் திறக்கவில்லை.

"புள்ள, கூரை ஒழுகுது போல" என்றார் தூக்கத்திலேயே.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிக்கலாமா என்று செல்வராணியைக் கேட்க வேண்டும். வயிறு குலுங்குகிறது.

மாத்திரை போட்டேன்.

ஜூலை 9, புதன்

தினமும் சவரம், தினமும் ஒரு வெட்டாவது. ஒரு நாள் விட்டாலும் இவருக்கு முள்ளு முள்ளாக முளைத்துவிடும், தெரு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

பேக்கரியில் பிலோமி கேட்டாள். "எக்கா, அண்ணாச்சி மூஞ்சில என்ன, பூனை பிராண்டுன மாதிரி?"

"பூனைதான்."

"உங்க வீட்ல ஏது பூனை?"

"புதுசா வந்திருக்கு."

அவள் காகிதக் கூம்பில் நுரையை நிரப்பிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பூனை வளையல் போட்டிருக்குமோ" என்றாள். எனக்கு அப்போது விளங்கவில்லை. சிரித்துவைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

மாத்திரை போட்டேன்.

செவ்வாய்க்கிழமை சலூன் லீவு. இசக்கி வீட்டுக்கே வந்துவிட்டான். இவர் வேலைக்குப் போயிருந்தார்.

"மதினி, அண்ணாச்சி கடைப்பக்கம் வந்து ரெண்டு வாரமாச்சு. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஏசி சலூன் தொறந்திருக்கான். அங்க போறாவளா? போனா போறாவ, சொல்லிட்டுப் போகாண்டாமா?"

"ஏசியும் இல்ல ஊசியும் இல்ல. வீட்லயே பண்ணிக்கிடுதாவ."

"யாரு, அண்ணாச்சியா? அவியளுக்கு சீப்ப எந்தப்பக்கம் பிடிக்கணும்னே தெரியாதே."

அவன் கண் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது. மரக்கிண்ணத்தை எடுத்தான். முகர்ந்தான். நகத்தால் தட்டினான். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"நல்ல சரக்கு மதினி. இத இப்படிக் கொன்னு வச்சிருக்கீயளே. என்ன தண்ணி?"

"போர் தண்ணிதான்."

"நாசமா போச்சு. உப்புல ஏது நுரை? ஆத்துத்தண்ணி வருமில்லா குழாயில, அத எடுங்க."

எடுத்து வந்தேன். லேசாகச் சூடு பண்ணச் சொன்னான். சோப்பு மேல் ஒரு கரண்டி ஊற்றி, "இப்பம் நாம சும்மா இருக்கணும்" என்றான். ஒரு காப்பி குடிக்கிற நேரம் அது ஊறியது. பிரஷ்ஷை நனைத்து ஒரு உதறு உதறினான். அடிக்கவில்லை. கல்லில் சந்தனம் உரசுகிற மாதிரி சுற்றினான். அரை நிமிஷத்தில் பிரஷ் நிறையப் பசை ஏறியது. அதை ஒரு சட்டியில் வைத்துச் சுற்றிக்கொண்டே விரல் நுனியால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தெளித்தான். சொட்டு விழ விழ அது பெருத்துக்கொண்டே போனது. ஒரு குமிழிகூட இல்லை. வழுவழுவென்று, மினுக்கமாக.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷம் தண்ணீரை விரட்டிவிட்டு நுரை எடுத்தவள் நான். இந்த நுரைக்குத் தண்ணீர்தான் சோறு.

"வேகம் வேண்டாம் மதினி. சண்டை போட்டா வராது. கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருக்கணும்."

குமட்டலுக்காக ஒரு எலுமிச்சங்காயைக் கையிலேயே வைத்து முகர்ந்துகொண்டிருந்தேன். அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையில் கை துடைத்தான்.

"அண்ணாச்சி தாடிய ரெண்டு தடவை இந்தக் கையாலதான் எடுத்திருக்கேன்" என்றான், சம்பந்தமே இல்லாமல். "இனிமே கடைப்பக்கம் வரவேண்டாம்னு சொல்லிருங்க. நானும் கேக்க மாட்டேன், வேற யாரு கேட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வந்த கிராக்கி கைவிட்டுப் போன வருத்தம் போல.

ஜூலை 16, புதன்

வந்துவிட்டது. வந்துவிட்டது. வந்துவிட்டது.

சோப்பு ஊறுகிற நேரம் இவர் காப்பி குடித்தார். பிறகு தூங்கினார். நான் சுற்றினேன். சொட்டு விட்டேன். சுற்றினேன். சட்டியிலிருந்து மேகம் எழும்பியது. பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கிறது, கீழே விழமாட்டேன் என்கிறது. இப்போது கவிழ்த்தேன். என் தலைக்கு மேல்தான். ஒரு துளி விழவில்லை.

வழிக்க மனசு வருமா. இரண்டு கன்னத்திலும் சுழித்துச் சுழித்து இரண்டு பெரிய மக்ரூன் வைத்தேன். தாடையில் ஒன்று. மூக்கு நுனியில் சின்னதாக ஒன்று. கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தேன். தூங்குகிறவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"முந்திரி போட்டியா?" என்றார்.

ஆடினேன் என்று எழுதினால் செல்வராணி திட்டுவார். ஆடவில்லை. கொஞ்சம் அசைந்தேன். அப்புறம் ரேசர் வழுக்கிக்கொண்டு போனது, ஒரு வெட்டு இல்லை. நாற்பத்தொன்பது வயசுக் கன்னம் சின்னப்பிள்ளைக் கன்னம் மாதிரி இருந்தது. கடித்துவைத்தேன். இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதியாயிற்று.

மாத்திரை போட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

இந்தக் கன்னம் எங்களுக்கு ஒரு வினையைக் கொண்டுவந்திருக்கிறது.

நேற்று அடுப்பறைக்குப் பின்னால் பிலோமி என்னை ஓரம் கட்டினாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, நான் சொன்னேன்னு எடுத்துக்கிடாதீய. அம்பது வயசு ஆம்பள தினமும் சவரம் பண்ணிக்கிட்டு மினுமினுன்னு போனா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

"என்ன காரணம்ட்டி?"

"பேரு தெரியல. ஹார்பர் பக்கம்னு லாரிக்காரனுவ பேசிக்கிடுதானுவ."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடினேன். அழுகிறேன் என்று நினைத்து அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். "அழுதுருங்கக்கா, அழுதுருங்க" என்று முதுகைத் தடவினாள்.

"கலரா இருப்பாளாட்டி?" என்று கேட்டேன்.

"உங்கள விட ஒண்ணும் இல்லக்கா."

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். முதலில் பதறினார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடிப் பக்கம் போனார். "ஹார்பர்ல எந்தப் பக்கமாம்?" என்றார்.

தெரு இதையே பேசட்டும். இதைப் பேசுகிற வரைக்கும் வேறு எதையும் பேசாது.

மாத்திரை போட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆஸ்பத்திரி. செல்வராணி நோட்டை வாங்கிக்கொண்டு போனவர் அரை மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது, சிரித்துச் சிரித்து.

"மாத்திரை பேரை மட்டும் எழுதச் சொன்னேன்" என்றார்.

"இனிமே அப்படியே எழுதுதேன் சிஸ்டர்."

"வேண்டாம்" என்றார் அவசரமாக.

எல்லாம் சரியாக இருக்கிறதாம். சிரிக்கலாமாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் ஒரு சொட்டுச் சிவப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். துடிப்பு இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஒரு வாரம் எழுந்திருக்கக் கூடாது. மாத்திரை போட்டேன். புதுசாக இன்னொரு மாத்திரையும்.

இது நாலாம் மாசம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாத்திரை இரண்டும் போட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

போட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேறு சொட்டு இல்லை.

இவர் சவரத்துக்கு உட்காரவில்லை. ஐந்து நாள் முள் வெள்ளையும் கறுப்புமாக எழும்பி நிற்கிறது. கஞ்சி வைக்கிறார், தருகிறார், கட்டிலின் கால்மாட்டில் உட்காருகிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன். கத்தி படக்கூடாதுன்னு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மத்தியானம் பிலோமி ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறோம். வாசலில் இவரையும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, "தாடியோட இருக்காவளே, அவ விட்டுட்டுப் போயிட்டாளோ" என்றாள்.

ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

எழுந்து நடக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாத்திரை இரண்டும் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சோப்பு மேல் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். இவர் வரவில்லை.

"வேண்டாம் புள்ள. போதும்."

"உக்காருங்க."

"ஊருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். நான் இத விட்டுருதேன். எனக்குப் பயமா இருக்கு."

இவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேலி பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"முந்தி ரெண்டு தடவையும் தாடி இருந்துச்சில்லா" என்றேன். "கத்தி படலையே. மூஞ்சி மறைய வளத்தீயளே. காப்பாத்துச்சா?"

தெருவில் உப்பு லாரி ஒன்று போனது. அது திரும்பி மறைகிற வரைக்கும் இவர் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடினார். குறட்டை விடவில்லை.

நுரை நன்றாகத்தான் வந்தது. ஆனால் கண்ணுக்குக் கீழே பூசின இடத்தில் மட்டும் நிற்காமல் கரைந்து கரைந்து ஓடியது. தண்ணீர் கூடிப்போய்விட்டது போல.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாத்திரை போட்டேன். குமட்டல் அடியோடு போய்விட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை பசிக்கிறது. உடைந்த மக்ரூன் ஒன்று பாக்கி விடுவதில்லை.

"கவலைல தின்னுதீயக்கா" என்கிறாள் பிலோமி. "வயிறு போட்டிருச்சு பாருங்க. அவிய கன்னம் திரும்ப மினுங்குது, திரும்ப சேந்துட்டாவ போல. நான் ஒருநாள் மூஞ்சிக்கு நேரா கேக்கத்தான் போறேன்."

"கேளுட்டி. நல்லா கேளு."

பெரிய ஸ்கேன் இந்த மாசம் முப்பதாம் தேதி.

செப்டம்பர் 28, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் செல்வராணி மன்னிக்கணும்.

காலை ஏழு மணி. நேற்று எனக்கு இடுப்பு வலி என்பதால் சவரம் இல்லை, இன்று நிறைய முளைத்திருந்தது. நுரை அருமையாக வந்திருந்தது. இவர் நாற்காலியில், நான் பின்னால் நின்று இவர் தலையை என் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் முழுக்க வழித்து முடித்தேன். வலப்பக்கம் நுரை பூசி ரேசரைக் கொண்டுபோனேன்.

"ஏளா, இடிக்காத" என்றார்.

"நான் எங்க இடிச்சேன்? தூங்குங்க."

"தலையில இடிச்சியே."

அப்போது இன்னொரு தடவை. எனக்கு உள்ளே, இவருக்கு வெளியே, ஒரே இடத்தில். சின்ன முட்டிக்கை ஒன்று கதவைத் தட்டுகிற மாதிரி.

இவர் கண்ணைத் திறந்தார். இரண்டு கண்ணையும். அப்படியே மேலே என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரேசரை எங்கே வைத்தேன் என்று இதுவரைக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தானா பிலோமி வர வேண்டும். வாசலில் நின்று, "அண்ணாச்சி, வெளிய வாங்க. இன்னைக்கு ஒரு கேள்வி கேட்டுட்டுத்தான் கோயிலுக்குப் போவேன்" என்று சத்தம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சேலை, கையில் ஜெபமாலை, முகத்தில் போலீஸ்.

தோளில் துண்டு, அரை முகத்தில் நுரை, இவர் எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன், ஓடக்கூடாது என்றாலும்.

"பிலோமி" என்றார் இவர். "என் தலையில மிதிச்சிருக்கு."

பிலோமிக்கு முகம் கறுத்துப்போனது. "தலையில மிதிக்கிற அளவுக்கு ஆயிப்போச்சா? அவ காலடியில போய் விழுந்தீயளா அண்ணாச்சி?"

"யாரு காலடியில?"

"அவதான், ஹார்பர்க்காரி."

"எந்த ஹார்பர்க்காரி? என் புள்ள மிதிச்சிருக்குங்கேன். இந்தா, இங்கன" என்று பின்மண்டையைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் என் வயிற்றைக் காட்டினார். கை நுரை என் நைட்டியில் ஒட்டியது.

பிலோமி என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். திரும்ப வயிற்றுக்கு வந்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடி சண்டாளி" என்றாள். அக்கா எல்லாம் போய்விட்டது. "ரெண்டு மாசமா உனக்காக முழங்கால் போட்டு அழுதேனே. புருசன் திருந்தணும்னு மெழுவத்தி ஏத்துனேனே."

"வீணாப் போகலட்டி" என்றேன். "வேற கணக்குல சேந்திருக்கும்."

அவள் அடிக்கக் கையை ஓங்கினாள், கட்டிக்கொண்டாள், திரும்ப ஓங்கினாள். இதற்குள் எதிர்வீட்டுக் கதவு, பக்கத்து வீட்டு மாடி, தெருக்குழாய்ப் பக்கம் குடங்கள், எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. இவர் மேலே பார்த்து, கீழே பார்த்து, எல்லோருக்கும் தனித்தனியாகப் பின்மண்டையைக் காட்டினார்.

உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினேன். "ரெண்டு நாள் பொறுக்கக்கூடாதா? ஸ்கேன் முடியட்டும்னு சொன்னேன்லா."

"பொறுத்துப் பொறுத்துத்தான புள்ள பதினெட்டு வருசம்" என்றார். "நாளைக்கு என்ன ஆனாலும் சரி, இன்னைக்கு மிதிச்சிருக்கு. அத நாலு பேருகிட்ட சொல்லாம எப்படி?"

சட்டியில் மிச்சமிருந்த நுரையைத் திரும்பச் சுற்றினேன். "சரி, உக்காருங்க. மிச்ச பாதிய முடிச்சிருவோம்."

இவர் துண்டை எடுத்து வலப்பக்க நுரையை அழுத்தித் துடைத்தார்.

"முழிச்சாச்சு" என்றார். "முழிச்சவன் மூஞ்சில கத்தி படக்கூடாது."

கெஞ்சிப் பார்த்தேன். மிரட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

மாத்திரையை மறந்து, இப்போதுதான் போட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

அந்த முகத்தோடு எடைமேடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். சீட்டு வாங்கின ஒவ்வொரு லாரிக்காரனும் ஹாரன் அடித்துவிட்டுப் போனானாம். வருகிற வழியில் இசக்கி சைக்கிளை நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தானாம். "அண்ணாச்சி, நான் உங்களுக்கு முடிவெட்டுறவன்னு யாருகிட்டயும் சொல்லிராதீய" என்றானாம். சொல்லிவிட்டு இவர் கையைப் பிடித்தவன் விடவில்லையாம்.

நான் ராத்திரி சாப்பிடவில்லை. பசிக்கவில்லை. மாத்திரை போட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

டாக்டரம்மா திரையைப் பார்ப்பதற்கு முன்னால் இவர் முகத்தைத்தான் பார்த்தார். செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தார்.

அப்புறம் அறையில் யாரும் சிரிக்கவில்லை. வயிற்றில் குளிர்ச்சியாக எதையோ தடவினார்கள். டாக்டரம்மா பேசாமல் உருட்டிக்கொண்டே இருந்தார். நான் மேலே சுழலாத மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்றுதான், திரும்பத் திரும்ப எண்ணினேன். இவர் என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தலை நல்லாருக்கு" என்றார் டாக்டரம்மா. "முதுகெலும்பு நல்லாருக்கு. நெஞ்சுல நாலு அறையும் நல்லாருக்கு. ரெண்டு கை. ரெண்டு கால். காலை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேங்குது."

கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் நான் பேசாமல் இருந்து இன்றுதான் பார்த்ததாக இவர் செல்வராணியிடம் சொல்கிறார்.

ஆட்டோவில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து இவர் முகத்தைத் தடவிப் பார்த்தேன். இடப்பக்கம் இப்போதுதான் முளை விட்டிருக்கிறது, விரலில் லேசாகக் குத்துகிறது. வலப்பக்கம் அதைவிட இரண்டு நாள் மூத்தது, நன்றாகவே குத்துகிறது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பாதியில கரண்டு போயிட்டா?" என்றார்.

"வளரட்டும்" என்றேன் நான். "ரெண்டும் வளரட்டும்."